கடலை எழுதுவோருக்கு ஒரு விருது: எமது கரைக்கும் தேவை

பிரித்தானியாவில் கடல் சார்ந்த சிறந்த நூலுக்கென்றே மவுண்ட்பேட்டன் பெயரில் ஒரு விருது வழங்கப்படுகிறது. எமது பக்கத்தில் கடலை எழுதியவர்கள் பெரும்பாலும் பொதுவான இலக்கிய விருதுகளின் வழியாகவே வெளியுலகுக்குத் தெரியவந்தார்கள்.

தகழி சிவசங்கரப்பிள்ளையின் 'செம்மீன்' மலையாள நாவலுக்கு 1957 இல் இந்தியாவின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தகழி மீனவர் அல்லர், சட்டம் படித்தவர். கணவன் கடலில் இருக்கும்போது கரையில் மனைவி கற்புத் தவறினால் கடலம்மா அவனைப் பழிவாங்குவாள் என்ற நம்பிக்கையே அக்கதையின் அச்சாணி. மீனவர் வாழ்க்கை என்றாலே இதுதான் என்று வெளியார் பலர் இன்றும் நினைப்பதற்கு அந்த நாவலின் புகழும் ஒரு காரணம் என்பேன்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997 இல், அதே விருது 'சாய்வு நாற்காலி'க்காக தோப்பில் முஹம்மது மீரானுக்குக் கிடைத்தது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மிளகாய் வியாபாரம் செய்து வந்தவர் அவர். 1988 இல் நூலாக வந்த அவரது 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், ஊரை ஆட்டிப்படைக்கும் முதலாளிக்கு முன்னால் தலை குனியாமல் நிற்பவர் சுறாப்பீலி விற்கும் ஒரு சாதாரண வியாபாரி. பள்ளிவாசல், வட்டிக்கணக்கு, பெண் கல்வி எல்லாவற்றையும் அந்த ஊர்ப் பேச்சிலேயே அவர் எழுதினார். இன்னொரு விஷயம், மலையாள வழியில் படித்தவர் என்பதால், ஆரம்பத்தில் பிறர் உதவியுடனேயே அவரது கதைகள் தமிழ் எழுத்துக்கு வந்தன.

2013 இல் ஜோ டி குரூஸின் 'கொற்கை' அவ்விருதைப் பெற்றது. உவரி என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவர், கப்பல் துறையில் தொழில் செய்பவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றி வந்த தூத்துக்குடித் தோணிகளின் உலகம் அந்தப் பெரிய நாவலில் இருக்கிறது. அதாவது எமது துறைமுகத்தின் கதையில் ஒரு பாதி அங்கே எழுதப்பட்டுவிட்டது.

மறுபாதி? செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' போன்ற நாவல்கள் வடபுலத்துக் கடலைச் சொல்லின. எமது முஸ்லிம் கரைகளைப் பற்றி எழுதப்பட்டது, நடந்ததோடு ஒப்பிட்டால், மிகச் சொற்பம். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவு மக்கள் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். 2004 டிசம்பர் 26 இல் மருதமுனையும் சாய்ந்தமருதும் கிண்ணியாவும் கடலிடம் பறிகொடுத்ததை நாம் அறிவோம். கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிக் கரைவலை இழுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்று அந்தப் பெயர்களே பரிச்சயமில்லை.

எமது இலக்கிய அமைப்புகள் கடலுக்கென ஒரு விருதை ஏற்படுத்தலாம். ஆனால் அச்சான நூல்களை மட்டும் அழைத்தால் அது மீண்டும் ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்குமே போய்ச் சேரும். ஒரு மீனவர் சொல்ல, அவருடைய பேத்தி ஒலிப்பதிவு செய்து எழுதிய பிரதியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மீரானுக்குக் கிடைத்த உதவி வேறென்ன? பேச்சுவழக்கைத் 'திருத்தி'த் தருமாறு கேட்கக் கூடாது. நடுவர்களில் ஒருவராவது கடலுக்குப் போனவராக இருக்க வேண்டும்.

நாற்பது வயதில் மன்னாரில் படகேறியவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள்.