ஓமந்தூரும் எக்கியார்குப்பமும்

விழுப்புரத்திலிருந்து ரயிலேறித் திண்டிவனத்தை நெருங்கும் போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு பெருமிதம் தலைதூக்கும். இந்தியா சுதந்திரம் பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த ராமசாமி ரெட்டியார், இவ்வூரை அடுத்த ஓமந்தூரில் பிறந்த குடியானவரல்லவா? 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதும் பரவியது இவரது ஆட்சியில்தான்.

1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. கள்ளச் சாராயமோ ஒழிந்தபாடில்லை. 2023 மே மாதம், இதே சீமையில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெதனால் கலந்த சாராயத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் பலியாயினர். அந்த நஞ்சு உடலினுள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும்.

தேசப் பெருமை கொடிமரத்தின் உச்சியிலா இருக்கிறது? அந்திப் பொழுதில், அன்றைய கூலியோடும் தெளிந்த கண்களோடும் தகப்பன் வீடு திரும்புகிறானே, அங்கே இருக்கிறது.