கொல்லையில் ஓர் எட்டடிக் கிண்ணம்

ஜாம்ஷெட்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், எட்டடி விட்டமுள்ள வலைக் கிண்ணம் ஒன்று தெற்கே பார்த்து நிற்கிறது. அதன் படத்தைக் கண்ட விடுதி நண்பர் ஒருவர், "இரண்டடி டிஷ் போதுமே, இந்தக் காலத்தில் இது எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் பாட்டிக்கு இந்தி தெரியாது. பகல் முழுதும் அவளுக்குத் துணை தமிழ்த் தொலைக்காட்சியே. சிறிய டிஷ் பிடிக்கும் 'கேயு' வரிசை அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர். பெருமழை அதை விழுங்கிவிடும். ஆடி, ஆவணியில் பெட்டி அடிக்கடி ஊமையாகும். 'சி' வரிசை அலையோ ஏழரைச் சென்டிமீட்டர். மழைக்கு எளிதில் மசியாது. ஆனால் அலை நீண்டால் கிண்ணமும் அகல வேண்டும். இல்லையேல் பக்கத்துக் கோள்களின் அலைகளும் சேர்ந்து விழும். கேபிள் தொழிலை விட்டவர் ஒருவரிடம் பழைய இரும்பு விலைக்கு எங்களுக்கு ஒன்று கிடைத்தது.

லாரியில் வந்ததில் அது சற்றே கோணியிருந்தது. விளிம்பின் குறுக்கே இரண்டு நூல்களை இழுத்துக் கட்டிப் பார்த்தோம். நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டால் வடிவம் சரி. இடைவெளி இருந்தால் கோணல். தட்டி நிமிர்த்தவே ஒரு நாள் ஆயிற்று. அடுத்தது, அலைகள் வந்து கூடும் குவியம். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் அதன் தூரம் கிடைக்கும். எங்கள் கிண்ணத்தின் விட்டம் 240, ஆழம் 40; ஆகவே 90 சென்டிமீட்டர். அங்கேதான் எல்.என்.பி.யின் வாய் அமைய வேண்டும்.

இனித் திசை. இவ்வகைக் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் நமக்கு நின்றபடி தோன்றுகின்றன. இந்தியாவில் எங்கிருந்து பார்த்தாலும் அவை தெற்குப் பக்கம்தான். கன்னியாகுமரியில் ஏறக்குறைய தலைக்கு மேல். வடக்கே போகப் போகத் தாழும். கிழக்கு 83 பாகையில் நிற்கும் ஜிசாட்-30 எங்கள் ஊருக்கு 63 பாகை உயரத்தில், நேர் தெற்கிலிருந்து 8 பாகை மேற்கே இருக்கிறது. எட்டடிக் கிண்ணத்தின் பார்வை அகலமோ இரண்டு பாகைதான். ஒரு பாகை பிசகினாலே வலிமை பாதியாகும்.

இயற்பியல் படிக்கிறவன் என்ற மிடுக்கில் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன். இரண்டு நாள் தேடியும் வெறும் இரைச்சலே! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. கிண்ணத்தின் நிழல் தன் வடாம் பாயில் ஏறுகிறதென்று பாயை நகர்த்திக்கொண்டிருந்த பாட்டி, "உச்சி வேளையிலே நிழல் வடக்கே விழும், அதைப் பார்த்து வைக்கக் கூடாதோ?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: காந்த முள்ளை இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் வைத்துத் திசை பார்த்திருக்கிறேன்!

நம் கடிகாரம் 82.5 பாகைக்கு உரியது. எங்கள் ஊர் 86.2. பாகைக்கு நான்கு நிமிஷமாக, உச்சி வேளை 15 நிமிஷம் முந்தும். அது டிசம்பர் கடைசி வாரம். சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் வேறு பேதம் அவ்வளவாக இல்லை. மறுநாள் 11.45க்குத் தூக்குக் குண்டு நூலின் நிழல்மேல் கோடு கிழித்தேன். முள் காட்டியதற்கும் கோட்டுக்கும் பதினோரு பாகை வித்தியாசம்! கிண்ணத்தைத் திருப்பிய கால் மணியில் படம் வந்தது. பாட்டி செய்தி கேட்க உட்கார்ந்துவிட்டாள். வடாம் காகத்துக்குப் போயிற்று.

இரண்டு மழைக்காலம் தடையின்றி ஓடியது. சென்ற மாதம் அப்பா கடிதம் போட்டிருந்தார்: தெருமுனையில் கைபேசிக் கோபுரம் வந்ததிலிருந்து படம் சிதறுகிறதாம். 2022இல் ஐந்தாம் தலைமுறைக்கு ஏலம் விட்ட வரிசைகளில் ஒன்று 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரை. எங்கள் அலைகள் 3,700க்கு மேல். அண்டைவீட்டு ஒலிபெருக்கி மாதிரிதான். அந்த வரிசையைத் தடுக்கும் வடிப்பான் ஒன்றை எல்.என்.பி.க்கு முன்னால் பூட்டினால் பெரும்பாலும் சரியாகலாம். விடுமுறைக்கு வாங்கிப் போகிறேன். அதுவரை பாட்டி ஒலியை மட்டும் கேட்டுக்கொள்கிறாளாம், அதுவும் விட்டுவிட்டு.