பிரசிடென்ட்டை அசைத்த ஃபர்ஸ்ட் இயர்!

ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடன்ட்டுக்கு நம்ம காலேஜ்களில் என்ன மரியாதை கிடைக்கும்? சீனியரைப் பார்த்தால் ஒரு சலாம், மெஸ்ஸில் கடைசி இடம், ஸ்டாஃப் ரூம் வாசலில் பத்து நிமிட தயக்கம்... அவ்வளவுதானே? ஆனால், கேம்பஸுக்குள் நுழைந்த சில மாதங்களிலேயே ஒரு ஃபர்ஸ்ட் இயர் மாணவர் எழுதிய செய்தி, உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் தலைவரையே நாற்காலியை விட்டு இறங்க வைத்தது. நம்ப முடிகிறதா?

இடம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு. அங்கே பிரசிடென்ட் என்றால், நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி. மாணவர் பெயர் தியோ பேக்கர். பிரசிடென்ட்டின் பெயர் மார்க் டெசியர்-லவீன்.

ஜாதகம் சூப்பர்!

டெசியர்-லவீன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1959-ல் கனடாவில் பிறந்தவர். குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள். மெக்கில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பில் ஆக்ஸ்ஃபோர்டு, லண்டனில் டாக்டர் பட்டம்... என்று வரிசையாக சிக்ஸர். கரு வளரும்போது நரம்பு இழைகளுக்கு 'இந்தப் பக்கம் போ' என்று வழிகாட்டும் 'நெட்ரின்' என்ற மூலக்கூறுகளை 1994-ல் அடையாளம் காட்டியது இவருடைய குழுதான். அப்புறம் ஜெனன்டெக் மருந்து கம்பெனியில் பெரிய பதவி. 2011-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத் தலைவர். 2016-ல் ஸ்டான்ஃபோர்டின் 11-வது பிரசிடென்ட்!

இப்படிப்பட்டவர் எங்கே சறுக்கினார்?

பட்டையில் இருந்தது வில்லங்கம்

பயாலஜி லேப் பக்கம் போனவர்களுக்கு 'வெஸ்டர்ன் பிளாட்' தெரிந்திருக்கும். ஒரு சாம்பிளில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை. ரிசல்ட் கறுப்புப் பட்டைகளாக வரும். ஒவ்வொரு பட்டையும் கைரேகை மாதிரி. கனம், ஓரம், கறை எல்லாம் தனித்தனியாக இருக்கும். இரண்டு வேறு சோதனைகளின் பட்டைகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வருமா, வராதா?

டெசியர்-லவீன் பெயர் இருந்த சில ஆய்வுக் கட்டுரைகளின் படங்களில் இப்படிப்பட்ட சந்தேகங்களை, விஞ்ஞானிகள் விவாதிக்கும் 'பப்பியர்' தளத்தில் 2015-லேயே சிலர் கிளப்பியிருந்தார்கள். அதைப் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை. தியோ பேக்கர் கண்டுகொண்டார். அப்பா, அம்மா இருவருமே பிரபல பத்திரிகையாளர்கள். ரத்தத்திலேயே ஊறிய விஷயம் போல! எலிசபெத் பிக் மாதிரியான, படங்களில் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்கும் நிபுணர்களிடம் கேட்டு சரிபார்த்தார். 2022 நவம்பர் 29-ல் 'தி ஸ்டான்ஃபோர்டு டெய்லி' மாணவர் பத்திரிகையில் செய்தி வெளியானது. கேம்பஸே கிடுகிடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்கணும். 1892-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை, 1973 முதல் நிர்வாகத்தின் பிடியில் இல்லாத தனி அமைப்பு. 'பிரின்சிபாலிடம் காட்டிட்டு போடுப்பா' என்கிற பேச்சே இல்லை. அதனால்தான் பிரசிடென்ட்டைப் பற்றியே எழுத முடிந்தது.

பல்கலைக்கழக அறங்காவலர் குழு விசாரணையை ஆரம்பித்தது. அதிலும் ஒரு ட்விஸ்ட்! டெசியர்-லவீன் இணைந்து தொடங்கிய கம்பெனியில், விசாரணையை மேற்பார்வையிடும் குழுவின் உறுப்பினர் ஒருவரின் நிதி நிறுவனத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் முதலீடு இருப்பதை மாணவர்கள் தோண்டி எடுத்தார்கள். அவர் விலகிக்கொண்டார்.

தீர்ப்பு என்ன?

முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில், நோபல் பரிசு பெற்றவர் உட்பட ஐந்து விஞ்ஞானிகள் 12 கட்டுரைகளை அலசினார்கள். 2023 ஜூலையில் அறிக்கை வந்தது. டெசியர்-லவீன் தன் கையால் எந்த மோசடியும் செய்யவில்லை. மோசடி நடப்பது அப்போது அவருக்குத் தெரிந்ததற்கும் ஆதாரம் இல்லை. ஆனால், அவர் முதன்மை ஆசிரியராக இருந்த ஐந்து கட்டுரைகளில், குறைந்தது நான்கில் மற்றவர்கள் டேட்டாவில் கை வைத்ததாகத் தெரிந்தது.

அப்படியானால் அவர் மீது என்ன தப்பு? 2001, 2010-களின் தொடக்கம், 2015-16, 2021... இத்தனை முறை பிரச்னை காதுக்கு வந்தும், உறுதியாக நின்று அவர் திருத்தவில்லை என்றது அறிக்கை. அவர் சும்மாவே இருந்தார் என்றும் சொல்ல முடியாது. 2015-ல் அவர் அனுப்பிய திருத்தங்களைத் தங்கள் தவறால் வெளியிடாமல் விட்டுவிட்டதாக 'சயின்ஸ்' இதழே ஒப்புக்கொண்டது. ஆனால், அதற்கப்புறம் அவர் விடாமல் கேட்டு முடித்திருக்க வேண்டாமா? சாதகமான ரிசல்ட் கொண்டு வருபவர்களைத் தூக்கிவைத்து, மற்றவர்களை ஓரங்கட்டும் சூழல் அவர் லேபில் இருந்ததாகச் சிலர் சொன்னதையும் அறிக்கை பதிவு செய்தது.

பத்திரிகைக்கும் ஒரு குட்டு விழுந்தது. 2009-ல் வந்த அல்சைமர் கட்டுரை பற்றி அது வெளியிட்ட மோசடிப் புகார், தவறான தகவலாகத் தோன்றுவதாக அறிக்கை சொன்னது. ஆனாலும் அந்தக் கட்டுரையில் பல குறைகள் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

2023 ஆகஸ்ட் 31-ல் டெசியர்-லவீன் பதவியிலிருந்து இறங்கினார். வாழ்க்கை ஒன்றும் முடிந்துவிடவில்லை. பேராசிரியர் பதவி தொடர்ந்தது. 2024-ல் நூறு கோடி டாலருக்கும் மேல் முதலீட்டோடு வந்த 'சைரா' மருந்து கம்பெனியின் தலைமைப் பொறுப்பும் கிடைத்தது. தியோ பேக்கருக்கோ, அமெரிக்காவின் மதிப்புமிக்க 'ஜார்ஜ் போல்க்' விருது. அதை வாங்கியவர்களிலேயே மிக இளையவர் அவர்தான்!

நம்ம லேபில்..?

சரி, இப்போ நம்ம கதைக்கு வருவோம். பிராக்டிகலில் ரீடிங் சரியா வரலைன்னா என்ன செய்வோம்? பக்கத்து டேபிளைப் பார்த்து ரெண்டு புள்ளி மாத்திப் போடுவோம். 'வேல்யூ வந்துடுச்சு சார்' என்று கையெழுத்து வாங்கிட்டு கேன்டீனுக்கு ஓடிடுவோம். யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரு தைரியம்! அந்த அமெரிக்க லேப்களிலும் யாரோ அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 1999-ல் அச்சான படத்துக்குப் பல வருஷம் கழித்துக் கேள்வி வந்தது.

ரீடிங் தப்பா வர்றது தப்பே இல்லீங்க. அடுத்த பிராக்டிகலில் வேல்யூ வரலைன்னா, 'சார், எனக்கு வரலை, ஏன்னு பார்ப்போமா?' என்று கேட்டுப் பாருங்கள். ரெண்டு மார்க் போகலாம். போனால் போகட்டும்... ரெக்கார்டு உங்களுடையதாக இருக்கும்!