முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள்

காலில் நீர் கோக்கும் முதியவர்களுக்கு முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போடச் சொல்வார்கள். அதை மாட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு சுற்றுச் சின்ன உறைக்குள் தலையணையைத் திணிப்பதுபோலத்தான். டென்மார்க்கில் காலையில் வீடு தேடி வரும் உதவிப் பணியாளர் குனிந்து, சட்டென்று மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வேறு விதமாகப் பயிற்சி பெற்ற பணியாளர் வந்தால் காட்சி மாறும். அவர் பாட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். வழுக்கும் துணியுறை ஒன்றை முதலில் பாதத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வார். அதன்மேல் காலுறை சறுக்கிக்கொண்டு ஏறும். குதிகாலில் வந்து சிக்கும். பாட்டிக்கு மூச்சு வாங்கும். பார்த்துக்கொண்டிருப்பவரின் கை பரபரக்கும், ஆனாலும் நீளாது. ‘கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உதவுவது’ என்று இதை டேனிஷ்காரர்கள் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ரீஏபிள்மென்ட்’ என்று பெயர். தமிழில் ‘மீள்திறனூட்டல்’ என்று வைத்துக்கொள்ளலாம். 2008இல் டென்மார்க்கின் ஃபிரெடெரிசியா நகராட்சி இதைப் பெரிய அளவில் தொடங்கியது. வீட்டு உதவி கேட்டு விண்ணப்பிக்கும் முதியவரிடம் ‘என்ன செய்து தர வேண்டும்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எதைத் திரும்ப நீங்களே செய்ய விரும்புகிறீர்கள்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். இயன்முறை மருத்துவர், அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் செயல்முறை மருத்துவர், செவிலியர், உதவிப் பணியாளர் எல்லோரும் சேர்ந்து சில வாரங்கள் வீட்டுக்கே வந்து பழக்குவார்கள். தேறுவார் என்று தோன்றும் முதியவருக்கு நிரந்தர உதவிக்கு முன்னால் இந்தப் பயிற்சியைத் தர வேண்டும் என்று 2015இல் அந்நாட்டில் சட்டம் வந்தது.

உதவி செய்தால் உடம்பு கெடுமா என்ன? நாற்காலியிலிருந்து எழுவதை எடுத்துக்கொள்வோம். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, தொடைத் தசைகளால் உந்துகிறோம். இளைஞருக்கு இதற்குத் தொடையின் முழு வலுவில் ஏறக்குறைய 40 சதவீதம் போதும். முதியவருக்கோ சுமார் 80 சதவீதம் தேவைப்படுகிறது என்று அளந்திருக்கிறார்கள். நமக்கு நினைவிலேயே தங்காத ஒரு செயல், அவருக்கு மூட்டை தூக்குவது மாதிரி. கையிருப்பு அவ்வளவு குறைவு.

இதனோடு இன்னோர் ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஆர்கன்சாவில், நோயில்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருத்தினார்கள். கால்களில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான சதை போயிற்று. தொடை வலு சுமார் 15 சதவீதம் இறங்கிவிட்டது. இரண்டு ஆய்வுகளின் கணக்கையும் ஒட்டுப்போடுவது முறையான அறிவியல் அல்லதான், ஆனாலும் போட்டுப் பார்க்கிறேன். எழுவதற்கு 80 பங்கு வேண்டும். இருப்பதோ இப்போது 85. ஒரு காய்ச்சல், ஓர் ஆஸ்பத்திரி வாசம், ‘நீங்க எழுந்திருக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்’ என்று சொல்லும் அன்பான மருமகள் — அந்த ஐந்தும் கரைய எத்தனை நாள் ஆகும்?

கரைந்தது திரும்புமா? 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாடரோன். சும்மா கையைக் காலை ஆட்டும் பயிற்சி இல்லை. தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம்வரை. முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். தொண்ணூறு வயதுத் தசையும் சுமை வந்தால் புதிய புரதத்தைக் கட்டிக்கொள்கிறது. நரம்பும் உறங்கும் தசையிழைகளைத் தட்டி எழுப்புகிறது. ஆரம்ப வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்பின் வேலைதான்.

தசையைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம். மீள்திறனூட்டல் திட்டத்தைப் பற்றி இன்னும் முடியாது. 2016இல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் நல்ல சோதனைகளைத் தேடியபோது, தேறியவை இரண்டே: ஆஸ்திரேலியாவில் 750 பேர், நார்வேயில் 61 பேர். பலன் இருக்கலாம், சான்று மிகப் பலவீனம் என்று எழுதினார்கள். குறுக்குவழி பார்க்கும் அரசுகள் ‘நீயே செய்துகொள்’ என்று உதவியை வெட்டவும் இதைச் சாக்காக்கலாம் என்ற பயம் எனக்கு உண்டு.

அந்த நார்வே ஆய்வு பலனை அளந்த விதம் எனக்குப் பிடித்தது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் முக்கிய அளவுகோல் இல்லை. உங்களுக்கு முக்கியமான வேலை எது, அதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று கேட்டு, 1 முதல் 10 வரை முதியவரையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாதங்கள் கழித்து அதே கேள்விகள், அதே வேலை. மதிப்பெண் போடுவது மறுபடியும் அவர்தான்.