பணிச்சுமையும் மெய்ப்பாடும்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோரிடம் காரணம் வினவினால், வேலைச் சுமையால் உடலும் உள்ளமும் ஓய்ந்துவிட்டன, அருவியில் நின்றால் தீரும் என்பர். அருவி சற்றே தீர்க்கத்தான் செய்கிறது. ஊர் திரும்பிய மறுநாளே அச்சுமை மீண்டும் தோளேறிவிடுகிறது. அவர்களுக்கு அறை துப்புரவு செய்தும், அடுப்படியில் நின்று புரோட்டா போட்டும் உழைப்போர்க்கோ அச்சாரலே உறக்கமற்ற காலம். இவ்விரு சாராரையும் வருத்துவது பணிசார் மன அழுத்தமே.

அழுத்தம் என்பது பாரம் தாங்கும் இரும்பைக் குறித்து இயற்பியலார் வழங்கிய சொல். அதனை உயிருக்கு உரியதாக்கியவர் ஹான்ஸ் செல்யே. குளிர், காயம், மிகையுழைப்பு, நஞ்சு என எது தாக்கினும் எலியின் உடல் ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினை புரிவதை அவர் 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். முதலில் அதிர்ச்சி, பின் தாக்குப்பிடித்தல், இறுதியில் தளர்ச்சி. நடுநிலையே ஏமாற்றுவது. அப்போது மனிதன் நன்றாக வேலை செய்வதுபோலவே தோன்றுவான்.

உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் புலப்படும் என்பது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்தார். செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை மருத்துவ நூலென்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. பார்க்கும் பழக்கத்தை அங்கே கற்கலாம் என்பதே நம் கருத்து. காரணமற்ற சினம், நள்ளிரவு விழிப்பு, விடாத தலைவலி, முடித்த வேலையையே மீண்டும் மீண்டும் சரிபார்த்தல் ஆகியன பணிச்சுமையின் மெய்ப்பாடுகள். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் பணித்தளர்ச்சியை நோயென்னாது, தொழில்சார் நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. ஆற்றல் வற்றுதல், வேலையில் வெறுப்பு, செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள்.

பதவி உயர உயர அழுத்தமும் உயரும் என்பது பொது நம்பிக்கை. இலண்டன் அரசு அலுவலர்களிடையே 1967இல் தொடங்கிய ஆய்வு வேறு உண்மையைக் காட்டிற்று. இதயநோயால் மிகுதியும் மடிந்தோர் மேலதிகாரிகள் அல்லர், கீழ்நிலை ஊழியரே. வேலை மிகுந்திருப்பது மட்டுமன்று, அவ்வேலைமீது தன் கட்டுப்பாடு குறைந்திருப்பதும் சேரும்போதே அழுத்தம் பெருகுமென 1979இல் இராபர்ட் கராசெக் விளக்கினார்.

இதற்குச் சான்று தேடி இலண்டன் செல்ல வேண்டுவதில்லை. தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளில் மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்களைக் காண்க. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. இலையும் தூளும் பிறர் தருவன. இலை மோசமாயின் குறையைத் தம் கைப்பொருளால் ஈடுசெய்ய நேரும். கழித்த பீடிக்குக் கூலியில்லை. விரைவு மட்டுமே அவர்களுடையது. பீடித் தொழிலாளர்க்கென 1966இலேயே சட்டம் வந்தும், வீட்டுத் திண்ணையில் வேலைநேரத்தை அளப்பார் யார்?

நம் வகுப்பில் ஒரு மாணவி முதல் பாடவேளையில் நாள்தோறும் கண்ணயர்வாள். விடைத்தாள் திருத்தும் நெருக்கடியில் இருந்த நாம் ஒருநாள் எல்லோர் முன்னும் கடிந்துகொண்டோம். வகுப்பு முடிந்தபின் வந்து, "உம்மாவுக்குக் கை வலி சார், கணக்கு முடிக்க ராத்திரி நானும் சுத்துறேன்" என்றாள். அவளது தளர்ச்சியும் நம் சினமும் மெய்ப்பாடுகளே. அவற்றைப் படிக்கத் தவறியவர் மெய்ப்பாட்டியல் நடத்துபவர்!

மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, நேரத்து உறக்கம் ஆகியன பயன் தருவனவே. ஆயினும் பன்னிரண்டு மணிநேரம் நிற்பவரிடம் மூச்சை இழுத்து விடு என்பது போதாது; இருக்கை தரவேண்டும். கடை ஊழியர்க்கு இருக்கை அளிப்பதைத் தமிழ்நாடு 2021இல் சட்டமாக்கியது அவ்வகையில் சரியான மருந்து. பணியாளரை வைத்து வேலை வாங்கும் பெரியோர்கள், கெடுவை முன்னரே சொல்லுதல், ஒரே வேலைக்கு இருவர் இருவேறு ஆணையிடாமை, செய்யும் முறையை ஊழியரே ஓரளவு முடிவுசெய்ய விடுதல் ஆகியவற்றைச் செலவின்றியே செய்யலாம். உறக்கமின்மையும் வெறுப்பும் வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை அணுகுக. 2022இல் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அம்மாணவியின் தேர்வைப் பிற்பகலுக்கு மாற்றினோம். அவள் உம்மா அரசு மருத்துவமனையில் கையைக் காட்டி வருகிறார். ஐந்தருவிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று பேச்சுவாக்கில் கேட்டோம். தென்காசியிலிருந்து சில கல் தொலைவுதான். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, தம்பி பிறக்குமுன் என்றாள்.