மனச்சிதைவு ஆய்வில் நான்சி ஆண்ட்ரியாசன்

மனச்சிதைவு நோய் என்றதும், அருகில் யாரும் இல்லாதபோதே காதில் விழும் குரல்களும், தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்பது போன்ற அசைக்க முடியாத பொய்ந்நம்பிக்கைகளுமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்நோயாளிகளைப் படிப்பிலிருந்தும் வேலையிலிருந்தும் உறவுகளிலிருந்தும் நெடுங்காலம் விலக்கி வைப்பவை பெரும்பாலும் பேச்சு வற்றுவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, எழுந்து ஒன்றைச் செய்யும் முனைப்பே அற்றுப்போவது ஆகிய ஆரவாரமில்லாத மாற்றங்கள்தாம். முன்னவை புதிதாக வந்து சேர்பவை என்பதால் நேர்மறை அறிகுறிகள் என்றும், பின்னவை இருக்க வேண்டியது குறைந்துபோவதால் எதிர்மறை அறிகுறிகள் என்றும் மருத்துவத்தில் வழங்கப்படுகின்றன. இந்த இரண்டாம் வகையை முறையாக அளக்க வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன்.

1938இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பிறந்த அவர், முதலில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, அயோவாவில் மறுமலர்ச்சிக் கால இலக்கியம் கற்பித்தவர். கவிஞர் ஜான் டன்னைப் பற்றி அவர் எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது. முதல் பிரசவத்துக்குப் பின் உயிருக்கே ஆபத்தான தொற்று கண்டு பிழைத்தெழுந்த அனுபவம் அவரை மருத்துவப் படிப்பின் பக்கம் திருப்ப, 1970இல் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இலக்கியப் பயிற்சி வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்: 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள், நோயாளியின் பேச்சு எந்தெந்த வகைகளில் கோவை இழக்கிறது என்பதை வரையறுத்ததோடு, மனச்சிதைவின் தனி அடையாளமாகக் கருதப்பட்ட அக்குலைவு, உற்சாகம் கட்டுக்கடங்காமல் பெருகும் மனவெழுச்சி நோயிலும் காணப்படுவதை எடுத்துக்காட்டின.

குரல் கேட்கிறதா என்று வினவினால் ஆம், இல்லை என்று விடை பெற்றுவிடலாம். முகம் மங்கியிருக்கிறதா என்பதிலோ இரு மருத்துவர்கள் எளிதில் ஒத்துப்போவதில்லை. நோயறிதலில் எதிர்மறை அறிகுறிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆண்ட்ரியாசன் 1983இல் வெளியிட்ட அளவுகோல் இச்சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் முகம் அசைகிறதா, விடை சொல்லத் தொடங்குமுன் எவ்வளவு நேரம் கழிகிறது, நீளமாகப் பேசினாலும் அதில் செய்தி ஏதும் உண்டா, பிறர் சொல்லாமலே குளித்து உடை மாற்றுகிறாரா, நண்பர்களை நாடுகிறாரா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனித்து, 0 முதல் 5 வரை மதிப்பெண் இடவேண்டும் என்பது அதன் முறை. அடுத்த ஆண்டு நேர்மறை அறிகுறிகளுக்கும் அவர் ஓர் அளவுகோல் வகுத்தார். சோம்பல் என்று குடும்பத்தார் கடிந்துகொண்ட ஒன்றை நோயின் கூறாகப் பதிவுசெய்ய இடம் தந்ததே, அவரது பணிகளுள் மனிதர்களுக்கு மிக நெருக்கமானது.

மூளையை உயிருடன் படம்பிடிக்கும் கருவிகள் வந்தபோது அவற்றை மனச்சிதைவு ஆய்வுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். எம்.ஆர்.ஐ. வழியாக நோயாளிகளின் மூளையை அளந்த அவரது ஆய்வு 1986இல் வெளியாயிற்று. 2000ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

எனினும் அவரது நேர்மைக்குக் கடினமான சோதனையாக அமைந்தது, 2011இல் அவரது குழு வெளியிட்ட முடிவு. நோயின் தொடக்கத்திலிருந்தே பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 211 பேரின் மூளைப் படங்களை ஒப்பிட்டதில், நோய்க்கான மருந்தை அதிகம் உட்கொண்டவர்களிடம் மூளைத் திசு இழப்பும் கூடுதலாக இருந்தது. நோயாளிகள் அஞ்சி மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலையால் மீண்டும் மீண்டும் சரிபார்த்த பின்னரே, அவர் அதை வெளியிட்டார். மருந்தைக் கைவிடுமாறு அவர் சொல்லவில்லை. நோய் மீண்டும் தலைதூக்கி நீடிக்கும் காலமும் திசு இழப்போடு தொடர்புடையது என்று 2013இல் அதே குழு கண்டறிந்ததால், நோய் திரும்பாமல் காக்கப் போதுமான மிகக் குறைந்த அளவையே ஒவ்வொரு நோயாளிக்கும் தேடித் தரவேண்டும் என்பதே அவர் மருத்துவர்களுக்கு வலியுறுத்தியது.