வேங்கடமும் காட்டலோனியாவும்

திருப்பதி பேருந்து நிலையத்தில் வழி கேட்கத் தெலுங்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைப் பலகைகளில் தமிழ் இருக்கிறது. திருமலை அறிவிப்புகளில் இருக்கிறது. சென்னைக்கும் வேலூருக்கும் கிளம்பும் தமிழகப் பேருந்துகளின் நெற்றியிலும் இருக்கிறது. யாத்ரீகருக்குத் தன் மொழியில் பதில் கிடைத்துவிடும். சித்தூர், நகரி, சத்தியவேடு என்று எல்லையோரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழரின் பிள்ளை எந்த மொழியில் படிப்பது என்று கேட்டால்தான் பதில் வரத் தாமதமாகிறது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டும் நாடு ஸ்பெயின். அங்கே 1931-ல் குடியரசு மலர்ந்தது. அடுத்த ஆண்டே, கட்டலான் மொழி பேசும் காட்டலோனியாவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. 1936-ல் ராணுவத் தளபதிகள் கலகம் செய்தார்கள். ஹிட்லரும் முசோலினியும் கைகொடுக்க, 1939-ல் பிராங்கோ வென்றார். பள்ளி, அரசு அலுவலகம், பத்திரிகை எல்லாவற்றிலிருந்தும் கட்டலான் விரட்டப்பட்டது. பிறந்த குழந்தையின் பெயரைக்கூட ஸ்பானிய வடிவில்தான் பதிய வேண்டும். பிரான்ஸில் அடைக்கலம் தேடியிருந்த காட்டலோனியத் தலைவர் கொம்பானிஸை ஜெர்மானியர் பிடித்துக் கொடுத்தார்கள். 1940 அக்டோபரில் பார்சிலோனாவில் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த நகரத்தை, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த 1938 ஜூனில், கிருஷ்ண மேனனோடு போய்ப் பார்த்தவர் நேரு. மொழிவாரி மாநிலங்களை இப்போதைக்கு ஒத்திப்போடலாம் என்று நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமய்யா மூவரும் 1949-ல் சொன்னதற்குப் பிரிவினையின் ரத்தம் காயாததுதான் காரணம். பார்சிலோனாவும் அவர் மனதில் இருந்திருக்குமோ என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஒத்திப்போட முடியவில்லை. சென்னையில் 58 நாள் உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். நான்கே நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அதனோடு போனது. தொல்காப்பியப் பாயிரமே வடக்கெல்லையாகச் சொல்லும் வேங்கடம் கைவிட்டுப் போவதா என்று ம.பொ.சி. போராடினார். பட்டாஸ்கர் தலைமையில் பேச்சு நடந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நமக்கு வந்தது. சத்தியவேடு பக்கம் அங்கே போனது. கணக்கு நேர்செய்யப்பட்டது, ஜனங்கள் மிஞ்சினார்கள்.

நாம் அவசரமாகக் கொடுத்ததை ஸ்பெயின் 36 ஆண்டு கொடுக்க மறுத்தது. விலை பெரிது. பாஸ்க் மொழிக்காரர்களின் மண்ணில் 1959-ல் தோன்றிய 'எட்டா' ஆயுதம் எடுத்து, எண்ணூறு பேருக்கு மேல் கொன்று, 2018-ல்தான் கலைந்தது. 1975-ல் பிராங்கோ இறந்தார். தேசத்தின் ஒற்றுமை பிரிக்க முடியாதது என்பதையும், தேசிய இனங்களுக்குத் தன்னாட்சி உரிமை உண்டு என்பதையும் 1978 அரசியல் சட்டம் ஒரே ஷரத்தில் முடிச்சுப் போட்டது. இன்று 17 தன்னாட்சிப் பகுதிகள். முடிச்சு இறுகவில்லை. காட்டலோனியா தனிநாடு கேட்டு 2017 அக்டோபர் 1 அன்று (ஆந்திரம் பிறந்த அதே தேதி!) தடையை மீறி வாக்கெடுப்பு நடத்தியது. போலீஸ் தடியடி, தலைவர்களுக்குச் சிறை, 2021-ல் மன்னிப்பு, 2024-ல் பொதுமன்னிப்புச் சட்டம்.

இதெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. சித்தூர்க்காரருக்கு வேண்டிய பாடம் வேறிடத்தில் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட கட்டலான் இன்று காட்டலோனியப் பள்ளிகளின் பயிற்று மொழி. இப்போது ஸ்பானியம் பேசும் பெற்றோர் நீதிமன்றம் ஏறுகிறார்கள். கால் பங்கு வகுப்புகளாவது ஸ்பானியத்தில் நடக்க வேண்டும் என்ற தீர்ப்பு 2021-ல் உறுதியானது. அதே காட்டலோனியாவுக்குள், பிரனீஸ் மலையில், ஆரான் என்றொரு பள்ளத்தாக்கு. சில ஆயிரம் பேர் பேசும் அரானிய மொழி அங்கே இருக்கிறது. அதையும் 2006-ல் ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கினார்கள். காட்டலோனியாவின் சத்தியவேடு என்று சொல்லலாம், அந்தஸ்தைத் தவிர.

நம் அரசியல் சட்டத்திலும் இடமிருக்கிறது. மாநிலப் பிரிவினையின்போது, 1956-ல் சேர்த்த 350ஏ ஷரத்து, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த 'முயல' தான். தமிழ் தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஆந்திரப் பாடத்திட்டத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வேண்டும். மேல்படிப்புக்கு வழி வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெற்றோர் பிள்ளையை ஆங்கிலத்துக்கோ தெலுங்குக்கோ மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1997-ல் குப்பத்தில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. அங்கே வந்து சேர, ஒன்றாம் வகுப்பில் யாராவது அ, ஆ சொல்லித் தந்திருக்க வேண்டுமே.

ஆந்திரத்தை மட்டும் ஏசுவது நியாயமில்லை. 2006-ல் தமிழ்நாடு கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியபோது, தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகளின் பள்ளிகள் விலக்குக் கேட்டு நீதிமன்றப் படி ஏறின. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது, அந்த ஆண்டுத் தேர்வுக்கு.